புலி அடித்த மாடும் கொலராடோ ஓநாயும்: நம் மலைக்கு எது பொருந்தும்?

குந்தாக்காரி கேட்டது:

நீலகிரியில் எமரால்டு பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை, கொஞ்சம் காரட், உருளைக்கிழங்கு, நான்கு மாடுகள். நான்கு என்று கை தானாக எழுதிவிட்டது. மூன்று.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பசுந்தேயிலை எடை போட்டுவிட்டு வர நேரமாகிவிட்டது. ஐந்தரை மணி இருக்கும். இன்னும் இருட்டவில்லை, மூடுபனி மட்டும் இறங்கியிருந்தது. சீகை மரங்களுக்குக் கீழே மேய விட்டிருந்த நான்கில் மூன்று தாமாகவே வாசலுக்கு வந்து ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான்காவது மாடு செவலை, சோலை ஓரத்தில் கிடந்தாள். கழுத்தில் நான்கு ஓட்டைகள், ரத்தம் அதிகமில்லை. பின்தொடையில் ஒரு கூடைச் சதை போயிருந்தது. சாயங்காலக் கறவை நின்றுபோனதால் மடியில் பால் கட்டியிருந்தது. மறுநாள் வந்த கால்நடை மருத்துவர், பின்பக்கத்திலிருந்து தின்றிருப்பதால் புலியாகத்தான் இருக்கும், சிறுத்தை பெரும்பாலும் வயிற்றுப் பக்கம் தொடங்கும் என்றார்.

நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். படங்கள், மருத்துவர் சான்று, கிராம நிர்வாக அலுவலர் சான்று, வங்கிப் புத்தக நகல் எல்லாம் கொடுத்தாயிற்று. இப்போது மாடு கிடந்த இடம் பட்டாவா காடா என்பதில் வந்து நிற்கிறது. என்ன சொல்வது? எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் கால்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வரில் வேலை பார்க்கிறான். விஷயம் கேட்டுப் பேசியவன், "பெரியம்மா, இந்த மாநிலத்தில் ஓநாய் அடித்தால் ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை அரசே கொடுக்கிறது" என்றான். அடிபட்ட மாட்டுக்கு மட்டும் இல்லையாம். ஓநாய் நடமாட்டத்தால் மந்தை மெலிந்தாலும், சினை பிடிப்பது குறைந்தாலும் கணக்குக் காட்டிப் பணம் கேட்கலாமாம். ஹட்டியில் இதைச் சொன்னேன், சிரித்துவிட்டார்கள். ஆனால் மாடு வளர்க்கிறவர்களுக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை. செவலை போன பிறகு மற்ற மூன்றும் பாலை இறக்கவே மாட்டேன் என்கின்றன. அவளுடைய பங்கைக் கழித்துப் பார்த்தாலும் சொசைட்டிக்குப் போகும் பாலில் இரண்டு லிட்டர் குறைகிறது.

அங்கே ஓநாய் வந்த கதையையும் அவனே சொன்னான். ஓநாயை மறுபடி கொண்டுவரலாமா என்று 2020 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்களாம். ஆம் என்றவர்கள் நூற்றுக்கு 51 பேர்கூட இல்லை. ஆதரவு ஓட்டு பெரும்பாலும் நகரங்களிலிருந்து விழுந்தது. ஓநாய் போனதோ மேற்கே மாட்டுப் பண்ணைக்காரர்கள் பக்கம். 2023 டிசம்பரில் ஆரெகான் மாநிலத்திலிருந்து 10 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஏப்ரலிலேயே கன்றுகள் போகத் தொடங்கின.

குதிரையில் ஆள் சுற்றுவது, கயிற்றில் சிவப்புத் துணி கட்டுவது, காவல் நாய், மின்னும் விளக்கு என்று அங்கே செய்வதையெல்லாம் அவன் வரிசையாகச் சொன்னான். இவற்றில் எது புலிக்குப் பொருந்தும்? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இன்னொன்று: எங்கள் ஊரில் பாதிப் பேர், புலியை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?

மாட்டை விற்றுவிடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை என் மகன் தினமும் சொல்கிறான்.

சீகூர் பட்டிக்காரன் எழுதியது:

அக்கா, நான் மசினகுடிப் பக்கம். என் அப்பா காலத்தில் எங்கள் பட்டியில் 60 மாடுகள் இருந்தன. பாலுக்காக அல்ல, சாணிக்காக. எரு லாரி லாரியாக எஸ்டேட்டுகளுக்கும் கேரளத்துக்கும் போகும். இப்போது ஒன்பது மாடுகள்தான். உண்ணிச்செடி மூடிய காட்டில் மாட்டுக்குப் புல் ஏது? புல்லைத் தேடி அது உள்ளே போகிறது, காட்டுக்குள்ளே அடிபட்டதை எல்லாம் நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடுக்க முடிவதில்லை.

முதலில் உங்கள் எல்லைக்கல். மாடு கிடந்த இடத்தை விட்டுவிடுங்கள், அடித்த இடம் எது என்று பாருங்கள். முதல் ரத்தம் எங்கே, புல் எங்கிருந்து படுத்திருந்தது, இழுத்த தடம் எந்தத் திசையில் போனது என்று பார்த்தால் தெரியும். எங்கள் கிடாரி ஒன்றைத் தோட்டத்தில் அடித்து ஓடை தாண்டி இழுத்துப் போயிருந்தது. இழுத்த தடத்தை அடிக்கு அடி படம் எடுத்து வைத்திருந்தேன். அதனால்தான் எனக்குப் பணம் வந்தது. உங்களிடம் அப்படி ஏதாவது படம் இருந்தால், "அடித்த இடம் பட்டா நிலம்" என்று தனியாக ஒரு மனு எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

இனி அமெரிக்கச் சரக்கு. சிவப்புத் துணி ஓநாய்க்கான வித்தை. அதுவும் இரண்டு மாதத்தில் பழகிவிடும் என்று படித்திருக்கிறேன். காரட் தோட்டத்தைச் சுற்றிப் பன்றிக்காகப் பழைய சேலை கட்டுகிறீர்களே, அதற்கு உறவு மாதிரிதான். புலி அதை மதிக்காது. காவல் நாய் என்றால் சிறுத்தைக்கு நாமே சோறு போடுவதுபோல. இரண்டு நாய்களை இழந்தவன் சொல்கிறேன். மின்னும் விளக்கு மூன்று வாரம் வேலை செய்தது. அப்புறம் இடம் மாற்றி மாற்றிக் கட்டினால்தான் பலன். மாட்டோடு ஆள் இருப்பதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை. கூட்டமாக, ஆள் சத்தத்தோடு மேயும் மாட்டைவிட, தனியாக ஒதுங்கிய மாட்டைத்தான் புலி பார்க்கிறது. 2021 அக்டோபரில் டி23 என்ற புலியை மூன்று வாரம் தேடி எங்கள் பக்கம்தான் பிடித்தார்கள், மைசூருக்குக் கொண்டுபோனார்கள். நான்கு மனித உயிர்கள் போன பிறகு பிடித்தார்கள். அந்த மூன்று வாரமும் நாங்கள் ஒருவரும் தனியாக மேய்க்கப் போகவில்லை. அந்த நாட்களில் எங்கள் பட்டியில் ஒரு மாடுகூடப் போகவில்லை.

காட்டுத்தடம் எழுதியது:

அம்மா, சில வருடம் புலிக் கணக்கெடுப்புக்குக் கேமரா கட்டும் வேலை பார்த்தேன். லாரிக் கதைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, நம் கைரேகை மாதிரி; அதை வைத்துத்தான் கேமராப் படத்தில் எது எந்தப் புலி என்று பார்த்து எண்ணுவோம். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு எல்லாம் ஒட்டிக் கிடக்கும் ஒரே காடு; உலகிலேயே அதிகப் புலிகள் சேர்ந்து வாழும் இடம். 2006இல் தமிழ்நாட்டில் 76 என்று மதிப்பிட்டார்கள், 2022இல் 306. முதுமலையில் மட்டும் 114. இத்தனை இருந்தால் வயதுக்கு வந்த ஆண்புலிக்குக் கீழே இடம் கிடைப்பதில்லை. அது மேலே ஏறி வருகிறது, நடந்தே. யாரும் இறக்கிவிடத் தேவையில்லை.

ஆனால் ஊரில் சொல்வது முழுக்க வெறும் புரளியும் அல்ல. கூண்டில் சிக்கும் சிறுத்தையை வேறு காட்டில் கொண்டுபோய் விடுவது நடக்கிறது. அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தவர் புலிக்கும் அதையே சொல்கிறார்.

அமெரிக்காவில் ஓநாயை வண்டியில் கொண்டுவந்தது ஊரறிய நடந்த காரியம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கடைசி ஓநாய்களை 1926இல் கொன்றார்கள். 1995 ஜனவரியில் கனடாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள், மறு வருடம் 17. கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய கதை. ஓநாய் வருவதற்கு எட்டு வருடம் முன்பே, 1987இலேயே, டிஃபெண்டர்ஸ் ஆஃப் வைல்ட்லைஃப் என்ற அமைப்பு அந்தப் பக்கத்தில் ஓநாய் அடித்த மாட்டுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. மாட்டைக் கடித்துக்கொண்டிருக்கும் ஓநாயைக் கண்டால் சுடலாம் என்ற விதியோடுதான் விட்டார்கள். அப்படியும் சண்டை ஓயவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல முறை இருக்கிறது. கர்நாடகத்தில் பந்திப்பூர், நாகரஹொளே ஓரத்து ஊர்களில் 2015 முதல் வைல்ட்சேவ் என்று ஒரு திட்டம். இலவச எண்ணுக்கு அழைத்தால் ஆள் வந்து, இடத்தைப் பார்த்து, படம் எடுத்து, மனுவையும் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். எல்லை தாண்டி நம் பக்கம் அது இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். மொத்தமாகப் பார்த்தால் மலையில் புலியைவிட நோயில் சாகும் மாடுகள்தான் அதிகம்.

மலைமாடு எழுதியது:

கொலராடோவில் ஓட்டுப் போட்டுத் தோற்றவர்களாவது பாக்கியசாலிகள். நான் பழனி மலையடிவாரம். 2022 மார்ச்சில் ஒரு நாள் காலையில், காட்டில் எங்குமே மேய்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு வாரத்தில் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும் தடை என்றார்கள். அதற்குள் என் மாமா பதினோரு மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். திருத்திய உத்தரவு மாட்டைத் திருப்பித் தருமா?

பழைய குந்தா எழுதியது:

தங்கச்சி, ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ செய்வாய் என்பதற்காக அல்ல. 2023 செப்டம்பரில் நம் அவலாஞ்சி அணைப் பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தது நினைவிருக்கும். செத்த மாட்டில் விஷம் வைத்திருந்தார்கள். கைதானவர் யார்? அந்த மாட்டின் சொந்தக்காரர். மாடும் போய் மானமும் போயிற்று. அடித்ததைத் தின்ன மறுபடி வரும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, உனக்கும் தெரியும். செவலையை அப்புறம் என்ன செய்தீர்கள்?

குந்தாக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். செவலையை எடுக்கவில்லை. புதைத்தால் பசியில் அடுத்த மாட்டைத் தேடும் என்று வந்த வனக்காவலர் சொன்னார். நான்கு நாளில் எலும்புதான் மிச்சம். இரண்டாம் நாள் ராத்திரி ஒருவர் பூச்சிமருந்து பாட்டிலோடு கதவைத் தட்டினார். யார் என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். பெரிய மனது என்று நினைக்க வேண்டாம். அவள் கிடந்த இடத்துக்கு இருபதடி கீழேதான் எங்கள் குடிதண்ணீர் ஓடை.

காட்டுத்தடம் தம்பிக்கு: கோபமில்லை, கணக்கு சரியாகத்தான் இருக்கும். கோமாரிக்கு ஊசி போட ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வாசலுக்கே வருகிறார். மாடு சாகும் முன்பே வருகிறார். புலி விஷயத்தில் மாடு செத்த பிறகுதான் எல்லோரும் வருகிறார்கள், பேனாவோடு. 15,000 டாலரும் செத்த பிறகு வருவதுதானே? எனக்கு அந்தக் குதிரைக்காரன்தான் பிடித்திருக்கிறான்.

எங்கள் ஹட்டியில் மூன்று வீட்டு மாடுகள் சேர்த்துப் பதினொன்று. முன்பெல்லாம் முறை வைத்துத்தான் மேய்ப்போம். தேயிலை வந்த பிறகு ஆளுக்கொரு திசையானோம். மறுபடி முறை வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் யாராலும் முடியாது, அதற்கு ஒரு பையனைக் கூலிக்குக் கேட்டிருக்கிறோம். கொலராடோவில் குதிரைக்காரனுக்கு என்ன சம்பளம் என்று தங்கை மகனிடம் கேட்டேன். அந்தத் தொகையை இந்தப் பையன் காதில் போடவில்லை.

சீகூர் தம்பி, செவலை படத்தில் ஒன்றில் இழுத்த தடம் தெரிகிறது. எல்லைக்கல்லும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. திங்கட்கிழமை மனுவோடு போகிறேன். அந்த மின்னும் விளக்கை எத்தனை நாளைக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும்?

சீகூர் பட்டிக்காரன் எழுதியது:

நாலைந்து நாளைக்கு ஒருமுறை அக்கா. உயரத்தையும் மாற்றுங்கள். சூரியத் தகடு வைத்தது வாங்காதீர்கள். உங்கள் பக்கத்து மூடுபனியில் அது சார்ஜ் ஏறாது. பாட்டரி போடுவதே போதும். மனுவுக்கு ரசீது வாங்க மறக்க வேண்டாம்.