பணிநிலையமா, இருக்கையா? பலபயனர் ஆபீஸ் கையேட்டுக்கு ஒரு சொல்

எல்லாருக்கும் வணக்கம்,

லிப்ரேஆபீஸை ஒரு ஆபீஸ்ல பல பேர் சேர்ந்து பயன்படுத்துறதுக்கான நம்ம தமிழ்க் கையேட்டுல "வொர்க்ஸ்டேஷன் இன்ஸ்டலேஷன்"க்கு என்ன சொல் போடலாம்ங்கிறதுதான் பேச்சு. இருக்கைன்னு வைக்கலாம்னு நான் சொல்றேன். > போட்ட வரிகள் மத்தவங்க எழுதினது, கீழ இருக்கிறது என் பதில்.

> வொர்க்ஸ்டேஷனுக்குத்தான் ஏற்கனவே பணிநிலையம்னு ஒரு சொல் இருக்கே. அதையே போட்டுட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

இருக்குதுண்ணா, அந்தச் சொல்லு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நம்ம கையேட்டுல அது எந்த இடத்துல வருதுங்கிறதுதான் பிரச்சனை. வொர்க்ஸ்டேஷன்னா ஒரு காலத்துல சன், சிலிகான் கிராஃபிக்ஸ் கம்பெனிக வித்த பெரிய மெஷின், இன்ஜினியருங்க டிசைன் போடுறது, அதுக்குப் பணிநிலையம் கச்சிதமாப் பொருந்தும். ஆனா லிப்ரேஆபீஸுக்கு முன்னோடியான ஸ்டார்ஆபீஸ்லயும் ஓப்பன்ஆபீஸ் 1 வரிசையிலயும் வந்த "வொர்க்ஸ்டேஷன் இன்ஸ்டலேஷன்" வேற சங்கதி. பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், சர்வர்ல ரூட்டா, அதாவது நிர்வாகியா, உள்ள போய் செட்டப் கட்டளையோட "-net"னு சேர்த்து ஓட்டுவோம், மொத்த புரோகிராமும் ஒரு இடத்துல உட்கார்ந்துடும், அப்புறம் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க லாகின்ல வந்து அதே செட்டப்பை இன்னொரு தடவ ஓட்டணும், அப்ப "லோக்கலா, வொர்க்ஸ்டேஷனா"ன்னு கேக்கும். வொர்க்ஸ்டேஷன்னு சொன்னா புரோகிராம் சர்வர்லயே இருக்கும், அவங்க ஹோம் ஃபோல்டர்ல செட்டிங்ஸ் மட்டும் கொஞ்சூண்டு வந்து விழும். அதாவது பேருதான் மெஷின் பேரு, விழுறது ஆளுக்கு. 2005ல ஓப்பன்ஆபீஸ் 2 வந்ததும் அந்த ரெண்டாவது செட்டப் போயிடுச்சு, முதல் தடவ திறக்கும்போது தானாவே செட்டிங்ஸ் ஃபோல்டர் உருவாகிடுது, லிப்ரேஆபீஸ்லயும் இன்னைக்கு அதே கதைதான். பேரு மட்டும் நம்ம கையேட்டுல ஒட்டிக்கிட்டு நிக்குது.

இதுல என்ன கஷ்டம்னு கேக்குறவங்களுக்கு: "ஒவ்வொரு பணிநிலையத்திலும் நிறுவவும்"னு எழுதினா படிக்கிறவர் மெஷினுக்கு ஒண்ணுன்னுதான் எடுத்துக்குவார். "ஆபீஸ்"னு ஒரே ஒரு லாகின் உருவாக்கி எல்லா மெஷின்லயும் அதையே போட்டுடுவார், பாஸ்வேர்டு மறக்காதுல்ல. ஹோம் ஃபோல்டர் என்எஃப்எஸ் மூலமா, அதாவது நெட்வொர்க் வழியா எல்லா மெஷினும் பகிர்ற மாதிரி, சர்வர்ல இருக்கு. முதல் ஆள் கடிதம் எழுதுற ரைட்டரைத் திறக்கிற வரைக்கும் சௌக்கியம், ரெண்டாவது ஆள் வேற மெஷின்ல திறந்தா, உங்க தனிப்பட்ட செட்டிங்ஸை வேற ஒரு லிப்ரேஆபீஸ் பயன்படுத்திட்டு இருக்கு, இல்லன்னா பூட்டியிருக்குன்னு ஒரு பெட்டி வந்து நிக்கும். அந்த செட்டிங்ஸ் இருக்கிற ப்ரொஃபைல் ஃபோல்டர்ல ஒரு பூட்டுக் கோப்பு இருக்கு, எந்த மெஷின், எந்த யூசர்னு அதுக்குள்ள எழுதியிருக்கும், மெஷின் பேரு மாறினா உடனே தடுத்துக் கேக்கும். ஆபீஸ்ல இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க, பரவாயில்ல திறன்னு அமுக்குவாங்க, ரெண்டு பேரோட செட்டிங்ஸும் ஒண்ணு மேல ஒண்ணு எழுதி கலங்கிப்போகும்.

அதனாலதான் என் பரிந்துரை இருக்கை. ஆளுக்கு ஆள் நடக்கிற அந்த முதல்முறை அமைப்புக்கு இருக்கை நிறுவல், சர்வர்ல இருக்கிறதுக்குப் பொது நிறுவல்.

கவர்மெண்ட் ஆபீஸ் பக்கம் போனவங்களுக்கு இது புதுசே இல்ல. கடிதத்துல கோப்பு எண்ணா வர்ற ந.க. எண்ணுக்குப் பின்னாடி அ1, ஆ2ன்னு போட்டிருக்கும் பாருங்க, அது சீட். கிளார்க் டிரான்ஸ்ஃபர்ல போவார், மேசை மாடிக்குப் போகும், கம்ப்யூட்டர் பழசாகி குடோனுக்குப் போகும், அ1 சீட் அங்கதான் இருக்கும். நமக்கு வேண்டியதும் அதே மாதிரி மெஷினோட ஒட்டாத ஒண்ணு. முக்கியமா, ஒரு இருக்கையில ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் உட்கார முடியும், அந்தப் பூட்டுப் பெட்டி ஏன் வருதுன்னு தனியா ஒரு பாரா எழுத வேண்டாம்.

> நேரா பயனர் நிறுவல்னு வச்சா என்ன?

தப்பில்ல, ஆனா அந்த "ஆபீஸ்"ங்கிற லாகினும் ஒரு பயனர்தானே! பத்துப் பேர் சேர்ந்து ஒரு பயனரா இருக்கக் கூடாதுங்கிறது அந்தச் சொல்லுல எங்கயும் தெரியல.

> எங்கட பக்கம் வாங்கு எண்டால் பெஞ்ச். வழங்கி, வாங்கி எண்டு எழுதினால் பிள்ளையள் சிரிக்குங்கள்.

கிளையன்ட்டுக்கு, அதாவது சர்வர்கிட்ட கேட்டு வாங்குற மெஷினுக்கு, வாங்கின்னு சொல்றது எனக்கும் பிடிக்கல, கடன் வாங்கினவன் மாதிரி தொனிக்குது. இந்தக் கையேட்டுக்கு அந்தச் சொல்லே தேவைப்படாது. டிஸ்க் இல்லாம நெட்வொர்க்ல பூட் ஆகுற எல்டிஎஸ்பி மெஷினுக்கு முனையம் போதும், டெர்மினலுக்குப் பழகின சொல்தான். மத்ததெல்லாம் கணினி. சர்வருக்கு வழங்கியா சேவையகமான்னு மறுபடி ஆரம்பிச்சா தீபாவளி வந்துடும், கையேட்டுல இப்ப சேவையகம்னு இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.

பூட்டு விஷயத்துல மட்டும் கவனமா இருக்கணும், அங்க நிஜமாவே குழப்பம் இருக்கு. ஷேர் ஃபோல்டர்ல ஒரு கடிதத்தை ஒருத்தர் திறந்தா பக்கத்துலயே மறைவா ஒரு லாக் ஃபைல் உருவாகும், அடுத்தவருக்குப் படிக்க மட்டும் திறக்கவா, நகல் எடுக்கவான்னு கேக்கும், அது வேற, மேல சொன்ன செட்டிங்ஸ் லாக் வேற. இப்ப ரெண்டுமே வெறும் பூட்டு. கரண்ட் போய் வந்தபிறகு எதை அழிக்கணும்னு தெரியாம ஆளுங்க முழிக்கிறாங்க. முதலாவது ஆவணப் பூட்டு, ரெண்டாவது இருக்கைப் பூட்டு. ப்ரொஃபைல் ஃபோல்டரை இருக்கைக் கோப்புறைன்னே சொல்லிடலாம்.

பலபயனர்ங்கிற தலைப்புல லிப்ரேஆபீஸோட டேட்டாபேஸ் புரோகிராமான பேஸையும் சேர்த்திருக்காங்க, அதை எடுத்துடணும். பேஸ் கோப்புக்குள்ளயே அடங்கின டேட்டாபேஸ் ஒரு ஆளுக்குத்தான், பல பேருக்கு வேணும்னா மைஎஸ்கியூஎல்லோ போஸ்ட்கிரெஸ்ஸோ சர்வர்ல போட்டு அதோட இணைக்கணும். கால்க்ல விரிதாளைப் பகிர்னு ஒரு வசதி இருக்கு, அது சரி.

இருக்கைக்கு எதிரா ஒரு நல்ல வாதம் இருக்கு, நானே சொல்லிடறேன். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டினதுல இருந்து இருக்கைன்னாலே பேராசிரியர் பதவின்னு ஆயிடுச்சு. லைசென்ஸ் விக்கிறவங்களும் சீட் கணக்குலதான் பேசுறாங்க, அவங்க சீட் காசுக்கான எண்ணிக்கை. லிப்ரேஆபீஸுக்கு அந்தக் கணக்கு இல்லாததால இந்தக் கையேட்டுக்குள்ள மோதாது, ஆனா பொதுச் சொற்பட்டியலுக்குப் போகும்போது மோதும். அங்க என்ன பண்ணலாம்னு லைசென்ஸ் ஆவணங்களை மொழிபெயர்க்கிறவங்க யாராச்சும் சொல்லுங்க, அதுவரைக்கும் மூணாம் அத்தியாயத்துல மட்டும் மாத்தி வைக்கிறேன்.