பழைய கார்களில் பின் ஆக்ஸில் தண்டைப் பிடித்து நிறுத்துவது எது? முறிந்தால் சக்கரம் என்னவாகும்?

செவெல்67 (கேள்வி)

என் 1967-ஆம் ஆண்டு செவ்ரலே செவெல் காரின் பின் ஆக்ஸில் தண்டுகள் சக்கரத்தின் பக்கத்தில் எதனாலும் பிணைக்கப்படவில்லை என்பதையும், டிஃபரன்ஷியலுக்குள் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் கியர்த் தொகுதி) இருக்கும் ‘சி’ வடிவக் கிளிப்புகளே அவற்றை நிறுத்தி வைத்திருக்கின்றன என்பதையும், ஆயில் சீல் மாற்றுவதற்காகப் பிரித்தபோதுதான் கண்டேன். தண்டு முறிந்தால் சக்கரம் டிரம்மோடு சேர்ந்து கழன்றுவிடும் என்கிறார்கள். அது உண்மையானால், கிளிப்பை நீக்கிவிட்டுத் தண்டை வெளிமுனையில் பிடித்து நிறுத்தும் மாற்றுப் பாகங்களைச் சாலையில் மட்டும் ஓடும் காருக்குப் பொருத்த வேண்டுமா?

பழையபட்டறை

உண்மைதான், ஆனால் தண்டு முழுதாக இருக்கும் வரை அந்த அமைப்பில் குறையொன்றும் இல்லை. தண்டின் உள்முனைப் பள்ளத்தில் அமரும் கிளிப், தண்டைச் சுழற்றும் பக்கக் கியரின் குழிக்குள் மறைந்துகொள்கிறது. இரண்டு தண்டுகளின் நடுவே நிற்கும் குறுக்குத்தண்டு அவற்றை உள்ளே நகரவிடாததால் கிளிப் தானாகக் கழன்று விழ வழியில்லை. அந்தக் குறுக்குத்தண்டை நிறுத்தி வைப்பது ஒரே ஒரு சிறிய பூட்டுப் போல்ட் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

தண்டு முறிந்தால் வெளித்துண்டுக்கும் காருக்கும் எந்தப் பிணைப்பும் இருக்காது. 1957-இல் வந்த ஃபோர்டு ஒன்பது அங்குல ஆக்ஸில் இதற்கு நேர்மாறானது: பேரிங்கும் அதையடுத்து ஓர் எஃகு வளையமும் தண்டின் மேல் இறுக்கமாக ஏற்றப்பட்டு, பேரிங்கை ஒரு தகடு நான்கு போல்ட்டுகளால் ஹவுசிங்கோடு (தண்டைச் சுற்றியுள்ள உறை) பிணைக்கிறது. தண்டு பேரிங்குக்கு உட்புறமாக முறிந்தால், அங்கே சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். பேரிங்குக்கும் சக்கரத் தட்டுக்கும் இடையே முறிந்தால் அங்கேயும் சக்கரம் கழன்றுவிடும் என்பதைப் பலர் சொல்வதில்லை.

அந்த வளையம் நழுவினாலும் தண்டு மெல்ல மெல்ல வெளியே வரும். ஆகவே கழற்றிய வளையத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பேரிங்கையும் வளையத்தையும் சேர்த்து அழுத்தாமல் தனித்தனியாக ஏற்ற வேண்டும். பழைய வளையத்தின் தடிமனில் பாதியளவு துளையிட்டு உளியால் பிளப்பதே முறை. அதைக் கேஸ் சுடரால் அறுப்பவர்கள் தண்டின் கடினமாக்கப்பட்ட மேற்பரப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

கூம்புமுனை

தண்டு ஏன் முறிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வகை ஆக்ஸிலில் தண்டு முறுக்குவிசையை மட்டுமல்லாமல் காரின் எடையையும் தாங்குவதால், ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் மேற்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை நசுங்குகிறது. இலட்சக்கணக்கான சுழற்சிகளுக்குப் பின், துருக்குழி, உளித்தடம், தண்டின் விட்டம் மாறும் இடம், கீ (தண்டையும் அதன் மேல் அமரும் ஹப்பையும் பூட்டும் சிறு ஆப்பு) அமரும் பள்ளத்தின் மூலை போன்ற இடங்களில் விரிசல் தொடங்குகிறது. முறிந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுச்செல்வது போன்ற வரிகள் பெரும்பகுதியை நிறைத்து, ஓரத்தில் மட்டும் சொரசொரப்பாக இருந்தால், அந்தத் தண்டு நெடுநாளாகவே முறிந்துகொண்டிருந்தது என்று பொருள். கடைசி வேகத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

ஃபோர்டு மாடல் ஏ, 1964 வரையிலான கிரைஸ்லர் கார்கள் ஆகியவற்றில் உள்ள கூம்புமுனைத் தண்டுகள் கீயின் பள்ளத்தில் விரிசல் தொடங்குவதற்குச் சிறந்த சான்று. அங்கே விசையைக் கடத்த வேண்டியது கூம்பின் இறுக்கமே தவிர கீ அல்ல. நட்டு தளர்ந்தால் ஹப் (சக்கரத்தைத் தாங்கும் மையப்பகுதி) அசைந்து, கூம்பு தேய்ந்து, கீ வெட்டுண்டு, பள்ளத்தின் மூலையில் விரிசல் பிறக்கிறது. எண்ணெய் தடவாமல் துடைத்து உலர்ந்த கூம்பில் ஹப்பை ஏற்றி, குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கி, சற்று ஓட்டியபின் மறுபடி இறுக்குவது கட்டாயம். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னின் துளை நேராக வராவிட்டால் நட்டை மேலும் இறுக்க வேண்டுமே தவிரத் தளர்த்தக் கூடாது. இது எளிய விதி, ஆனால் மீறப்படுவதும் இதுவே.

செவெல்67

இருவருக்கும் நன்றி. அப்படியானால் மாற்றுப் பாகங்கள் தேவையில்லை என்றே கொள்ளலாமா? தண்டில் நீளவாக்கில் சிறிது அசைவும் தெரிகிறது.

பழையபட்டறை

நேர்கோட்டு ஓட்டப் பந்தயத்துக்கு அவை பொருத்தமானவை. குறிப்பிட்ட நேரத்துக்குள் பந்தயத் தூரத்தைக் கடக்கும் கார்களுக்கு அமெரிக்கப் பந்தய விதிகளே அவற்றை வற்புறுத்துகின்றன. சாலையில் வளைவுகளின் பக்கவிசையை அந்த மாற்றுப் பாகங்களின் பேரிங்குகள் நெடுநாள் தாங்குவதில்லை என்பதும், சீல் கசிந்து பிரேக்கில் எண்ணெய் படிகிறது என்பதும் பொதுவான புகார். நான் பொருத்த மாட்டேன்.

சிறிதளவு நீளவாக்கு அசைவு இந்த வகையில் இயல்பே. அசைவு மிகுந்தால் தண்டின் உள்முனையும் கிளிப்பும் தேய்ந்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, உங்கள் ஆக்ஸிலில் பேரிங்கின் உருளைகள் உள்வளையம் இல்லாமல் நேரடியாகத் தண்டின் மேல் ஓடுகின்றன. அந்த இடத்தில் குழியோ மேற்பரப்பு பெயர்ந்த இடமோ விரல் நகத்தில் தட்டுப்பட்டால் புதுப் பேரிங் போட்டுப் பயனில்லை, தண்டையே மாற்றுங்கள். பழைய தண்டையே மீண்டும் போடுவதாயிருந்தால், காந்தத்துகள் சோதனையில் (தண்டைக் காந்தமாக்கி, இரும்புத்தூள் திரளும் இடத்தை வைத்து விரிசலைக் காணும் முறை) விரிசல் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, குறுக்குத்தண்டின் பூட்டுப் போல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.