மறு: 'காட்டுக்கோதுமைப் பசைய மரபணுக்கள்': இந்தச் சொல் சரியா?

> குளூட்டன் என்பது பசையம். குளூட்டனின், கிளையடின் இரண்டும் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். கோதுமைக்கு உறவான காட்டுப்புற்கள் எல்லாவற்றையும் 'காட்டுக்கோதுமை' எனலாம்.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

என் கட்டுரைத் தலைப்பில் வரும் குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்துக்குப் 'பசையம்' என்பது எனக்கும் உடன்பாடு. இலத்தீனிலும் அந்தச் சொல்லுக்குப் பசை என்றுதான் பொருள். அதில் அடங்கிய குளூட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்களின் பெயர்களை அப்படியே விட மனம் வரவில்லை. நேற்றிரவு சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை எடுத்துத் தண்ணீருக்குள் பிசைந்துகொண்டே இருந்தேன். மாவுச்சத்து பாலாகக் கரைந்து போய், கையில் ஜவ்வு மிஞ்சியது. 1728இல் இத்தாலியின் போலோனியாவில் பெக்காரி என்ற அறிஞர் பசையத்தைப் பிரித்ததும் இப்படிக் கழுவித்தான். இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. நீளக் கொடுப்பது கிளையடின், சுருங்க வைப்பது குளூட்டனின். ஆகவே முறையே 'நெகிழ்பசையம்', 'மீள்பசையம்'.

'காட்டுக்கோதுமை' பொருந்தாது. ரொட்டிக் கோதுமைக்குள் ஏ, பி, டி என மூன்று மரபணுத்தொகுதிகள் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு மூதாதைப் புல்லிடமிருந்து வந்தது. ஏ தொகுதியைத் தந்த ட்ரிட்டிக்கம் உரார்ட்டு கோதுமைப் பேரினமே. அதைக் காட்டுக்கோதுமை எனலாம். டி தொகுதியைத் தந்த ஏஜிலாப்ஸ் டௌசீ வேறு பேரினம், காஸ்பியன் கடல் பக்கத்துப் புல். அதையும் கோதுமை என்றால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள். பரோட்டா மாவு அறுந்துபோகாமல் விசிறி வருகிறதே, அந்த வலுவுக்குக் காரணமான மீள்பசைய மரபணுக்களில் முக்கியமானவை டி தொகுதியைச் சேர்ந்த 1டி குரோமோசோமில் இருக்கின்றன. அவை அந்தப் புல் கொண்டுவந்த சீதனம். நம்மூர்ச் சம்பா கோதுமைக்கு டி தொகுதியே கிடையாது.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிரோடு கலந்தவை அந்தப் புல்லின் சில செடிகள்தாம். மீள்பசைய மரபணுவின் மற்ற வடிவங்கள் பல காட்டிலேயே நின்றுவிட்டன. பயிர் வளர்ப்பாளர்கள் இன்றும் அங்கே போய்த் தேடுவது அதனால்தான். உரார்ட்டு, டௌசீ எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'காட்டுச்சுற்றம்' என்று வைக்கலாமா?

---

> சுற்றம் மனிதர்க்கு உரிய சொல் அல்லவா அம்மா? புல்லுக்கு ஆகுமா?

தென்னம்பிள்ளை என்கிறோமே ஐயா. பிள்ளை இருக்கிற இடத்தில் சுற்றமும் இருக்கட்டும். 'உறவினம்' என்றும் எழுதிப் பார்த்தேன். 'இனம்' ஏற்கெனவே வகைப்பாட்டுச் சொல் என்பதால் இடிக்கிறது.

> அப்படியானால் எனக்கும் சம்மதம். மீள்பசையம் நன்றாக இருக்கிறது.

மகிழ்ச்சி ஐயா. கட்டுரைத் தலைப்பை 'கோதுமையின் காட்டுச்சுற்றத்தில் பசைய மரபணுக்கள்' என்று மாற்றிவிடுகிறேன். நெகிழ்பசையத்துக்கு மட்டும் இன்னும் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால், அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.