ஓண லீவு கிராஃப்ட் கிளாஸ்: மாவேலிக்கு ஒட்டின கண்ணு

கொழிஞ்சாம்பாறை அம்மா:

போன வருச ஓண லீவுல நடந்ததுங்க. இன்னும் மனசுக்குள்ள கெடக்கு, அதான் எழுதறேன்.

எங்க பாலக்காட்டுப் பக்கம் ஓணத்துக்குப் பத்து நாள் லீவு. பொள்ளாச்சில இருக்கற எங்கண்ணன் பசங்களுக்கு உள்ளூர் விடுமுறைன்னு ஒரே ஒரு நாள். அஞ்சு வயசுப் பாப்பாவோட வெளையாட ஆளே இல்ல. இங்க பக்கத்துச் சித்தூர்ல ரெண்டு நாள் கிராஃப்ட் கிளாஸ், 4 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும், தீம் மாவேலி வர்றாருன்னு நோட்டீஸ் பாத்துட்டுப் பணத்தைக் கட்டிட்டேன். மாவேலின்னா மகாபலி ராசா, வருசா வருசம் ஓணத்துக்குப் பாதாளத்துல இருந்து வர்றாருங்கறது கதை. மொத நாள் காகிதப் பூக்களம். ரெண்டாம் நாள் பேப்பர் பிளேட்டுல மாவேலி மொகம். தங்கக் கலர் கிரீடம், கறுப்புச் சார்ட்டுல பெரிய மீசை, ஆடற கண்ணு ரெண்டு. எல்லாரும் பாத்திருப்பீங்க.

கடைசி அரை மணி நேரம் அம்மாமாரை உள்ள விட்டாங்க. எம்பொண்ணு கண்ணு ரெண்டையும் நெத்திக்கும் மேல, கிரீடத்தை ஒட்டி வெச்சிருந்தா. குரூப் போட்டோவுக்கு எல்லாரும் வரிசையா நிக்கறப்ப, உதவிக்கு வந்திருந்த காலேஜ் பொண்ணு ஒண்ணு பிளேட்டை வாங்கி, நகத்தால கண்ணைப் பிச்சு, கீழ எறக்கி ஒட்டி, "இப்போ செரியாயி"ன்னு திருப்பிக் குடுத்துச்சு. கண்ணு இருந்த எடத்துல கலர்த்தாள் உரிஞ்சு வெள்ளையாத் தெரிஞ்சுது. பாப்பா அழல. பிளேட்டை நெஞ்சுக்கு நேராப் புடிக்கச் சொன்னாங்க, புடிச்சா.

வீட்டுக்கு வந்து அதைப் பையில இருந்து எடுக்கவே இல்ல. பாட்டி கேட்டதுக்கு, "அது அந்த அக்கா செஞ்சது"ன்னு சொல்லிட்டா. ராத்திரி பக்கத்துல படுத்துட்டு, "ஏன் கண்ணு, அவ்வளவு மேல வெச்சே?"ன்னு கேட்டேன். "அவரு மண்ணுக்குள்ள இருந்துதான வர்றாரு? அண்ணாந்து பாத்துட்டேதான வருவாரு?"

அந்தப் பொண்ணு கண்ணைப் பிச்சப்ப நான் ஒரு அடி தூரத்துல நின்னுட்டிருந்தேன். போட்டோ எடுக்க ஃபோனைத் தூக்கிப் புடிச்சுட்டு.

பாலக்காடு கிராஃப்ட் டீச்சர்:

அக்கா, படிக்கறப்பவே கஷ்டமா இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு மேல மட்டும் பழியைப் போடாதீங்க. நானும் ஏழு வருசமா ஓண லீவு, வேனல் லீவு ரெண்டுலயும் கிளாஸ் எடுக்கறேன். 30 பிள்ளைங்க இருந்தா நாங்க நாலு பேர். பசையைத் தொடைக்கவும் பாத்ரூம் கூட்டிட்டுப் போகவுமே ரெண்டு பேர் போயிடுவாங்க. போட்டோ வாட்ஸப் குரூப்புக்குப் போன அஞ்சாவது நிமிசம், "என் பையனோடது மட்டும் ஏன் கோணலா இருக்கு?"ன்னு மெசேஜ் வந்துடும்.

எனக்கு மறக்காதது ஒரு வண்ணத்துப்பூச்சி. ஐஸ் குச்சி ஒடம்பு, சார்ட் றெக்கை. நாலு வயசுக் குட்டி ஒண்ணு ரெண்டு மணி நேரமும் ஒரே றெக்கைக்குத்தான் பெயிண்ட் அடிச்சா. முன்னாடி, பின்னாடி, விளிம்பு, ஒரு எடம் விடல. இன்னொரு றெக்கையைத் தொடவே இல்ல. சாயங்காலம் கேட்டுல அவங்க அப்பா வாங்கிப் பாத்துட்டு, "இதுக்கா 700 ரூபா?"ன்னார். அவ வெடுக்குன்னு அதை வாங்கி முதுகுக்குப் பின்னாடி மறைச்சுட்டா.

அதுக்கப்புறம் பிள்ளைங்க பாதியில விட்டதை நானே முடிச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். தப்புன்னு தெரியும். அந்தக் குட்டி கையைப் பின்னாடி கொண்டுபோனதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

வேலந்தாவளம் மாமன்:

எங்க கதையில பிரச்சனை மொழிங்க. அக்கா பையனுக்கு ஆறு வயசு, தமிழ் மீடியம். விஷு சமயத்துல ஒரு நாள் முகாமுக்குக் கூட்டிட்டுப் போனேன். தீம் கொன்றைப்பூ. மஞ்சத் தாளைப் பொடிசா கிழிச்சு, கொத்துக் கொத்தா தொங்கற மாதிரி ஒட்டணும். டீச்சர் மலையாளம். "மஞ்ஞ பேப்பர் செறுதாயி கீறிக்கோ"ன்னு சொல்லிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டாங்க.

அவங்களுக்குக் கீறுன்னா கிழி. நமக்குக் கீறுன்னா கோடு போடு. எங்க பையன் பென்சிலை எடுத்து, தாள் பூராவும் வெரல் நீளத்துக்குப் பொடிக் கோடா கீறிட்டிருந்தான். நாக்கைக் கடிச்சுட்டு, ஒரு கோடு இன்னொண்ணு மேல படாம. மத்த பிள்ளைங்க முன்னாடி கிழிச்ச தாள் குமிஞ்சு கெடக்குது, இவன் முன்னாடி முழுத் தாள். திரும்பி வந்த டீச்சர், "ஈ குட்டி பறஞ்ஞா கேக்கில்ல"ன்னு, அதாவது இந்தப் பிள்ளை சொன்னாக் கேக்காதுன்னு, தாளை உருவிட்டு, அவங்களே நாலு தாளைக் கிழிச்சு முன்னாடி போட்டுட்டுப் போயிட்டாங்க.

நான் ஜன்னல் கம்பிக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். ரெண்டு பாஷையும் தெரிஞ்ச எனக்கே என்ன ஆச்சுன்னு புரியக் கொஞ்ச நேரம் புடிச்சுது. அவன் என்னைத் திரும்பிப் பாத்து, "மாமா, நான் கீறுனேனே?"ன்னான்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். பீரோவுல இருக்கு.

ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர்:

மூவரின் பதிவையும் படித்தேன். என் அனுபவம் சிறியது. கோடை முகாம் ஒன்றுக்கு விருந்தினராகப் போயிருந்தேன். பக்கெட்டில் இருந்த மைதாப் பசை லேசாக நீலம் பாய்ந்திருந்தது. சுவரொட்டி ஒட்டுபவரிடம் வாங்கி வந்தார்களாம். பூச்சி, எலி அண்டாமல் இருக்க அவர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம். அது விஷம். மூன்று வயதுக் குழந்தை ஒன்று விரலில் ஒட்டிய பசையை வாய்க்குக் கொண்டுபோனபோது கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டச் செய்தேன். ஏற்பாட்டாளர்களுக்கு என் மேல் வருத்தம்தான்.

ஆகவே நடத்துபவர்களுக்கும் பெற்றோருக்கும் சில சொல்கிறேன். பசையை வீட்டிலேயே காய்ச்சுங்கள். ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கப் தண்ணீரில் ஊற்றிக் கிண்டி, கண்ணாடி போல வரும்போது இறக்கிவிடலாம். அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். மறுநாள் புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

குளூ கன்னைச் சிறு பிள்ளைகள் இருக்கும் மேசையிலேயே வைக்காதீர்கள். உருகி வரும் பசை 100 டிகிரிக்கும் மேல் சூடு. தோலில் பட்டுவிட்டால் பிய்த்து எடுக்கக் கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். டூத்பேஸ்ட், மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். மணி, ஆடும் கண் போன்ற பொடிச் சாமான்களை மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் கொடுக்கவே கூடாது.

இடக்கைப் பிள்ளைகளுக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்குங்கள். வலக்கைக் கத்தரியை அவர்கள் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைக்கும், தாள் வெட்டுப்படாமல் மடங்கும். பிள்ளைக்குக் கைத்திறன் இல்லை என்று நாம் சொல்லிவிடுவோம். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஓணத்துக்குக் காகிதத் தட்டு எதற்கு? ஓணத்துக்கு வைத்துக் கும்பிடும் மண்ணுருவமான ஓணத்தப்பனைக் களிமண்ணில் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். நாலு பக்கம் சரிவு, உச்சி தட்டை, மேலே அரிசிமாவுக் கோலம். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் ஆறவிட வேண்டும். ஒரு துண்டோடு இன்னொன்றை இணைக்க இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, குழைசேறு தடவி அழுத்த வேண்டும். பாலக்காட்டில் நிமிர்ந்து பார்த்தால் பனை. தென்னங்குருத்துக்கும் பஞ்சமில்லை. ஓலைப் பந்து, கிளி, காற்றாடி, பாம்பு என்று நான்கு நாள் முகாமே நடத்தலாம்.

குமுளி ஏலக்காடு:

மாஸ்டர் ஐயா, நீங்க சொல்றது எல்லாம் நல்லதுதான். ஆனா அந்த அம்மா எழுதினது பசையைப் பத்தி இல்லைங்க.

பாலக்காடு டீச்சருக்குத்தான் என் பதில். அந்த அப்பா பேசினது தப்பு, சரி. அதுக்கு நீங்க ரெண்டாவது றெக்கைக்கும் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தா, அவர் சொன்னதை நீங்களும் ஒத்துக்கிட்டீங்கன்னுதானே அந்தப் பிள்ளைக்குப் படும்?

என் மகளுக்கு நடந்ததைச் சொல்றேன். தேக்கடி பக்கம் லீவு கிளாஸ், தீம் காட்டு மிருகங்கள். முட்டை அட்டையில யானை. இவ செங்கல் கலரு அடிச்சா. "யானை சாம்பல்"னு சொல்லி, தோய்ச்ச பிரஷ்ஷைக் கையில குடுத்து மேலயே அடிக்க வெச்சாங்க. எங்க ஏலக்காட்டு ஓரத்துக்கு வர்ற யானை செம்மண்ணை வாரி மேல போட்டுக்கிட்டுச் செவப்பாத்தான் நிக்கும். இவ அதை மூணு தடவை பாத்திருக்கா. படத்துல மட்டும் யானையைப் பாத்தவங்க சொல்லி, நேர்ல பாத்தவ மாத்தினா. அடிக்குறப்ப அடியில இருந்த செவப்பும் கலந்து ஒரு மாதிரி ஊதாவாப் போச்சு. அதை வெச்சுக்கவும் மனசில்லை, போடவும் மனசில்லை.

பாலக்காடு கிராஃப்ட் டீச்சர்:

ஒத்துக்கறேன் அக்கா. ஆனா எந்தப் பிள்ளை வேணும்னே வெச்சுது, எது தெரியாம வெச்சுதுன்னு 30 பேர்ல எப்படிங்க கண்டுபிடிக்கறது?

வேலந்தாவளம் மாமன்:

கேட்டாப் போதுங்க டீச்சர். "இது ஏன் இங்க?"ன்னு ஒரு வார்த்தை. எங்க பையனைக் கேட்டிருந்தா அவனே சொல்லியிருப்பான்.

தோவாளைப் பூ:

நான் இந்தப் பேச்சுக்குள்ள வரணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். உங்க எல்லாரோட பிள்ளைங்களும் உள்ள இருந்தாங்க. எனக்கு உறுத்துறது வாசல்ல நின்ன பிள்ளை.

நாங்க மூணு பேர் சேந்து களியக்காவிளை தாண்டி ஒரு ஹால்ல பூக்கள வகுப்பு வச்சோம். ஆளுக்கு 500 ரூபா. ஆணியில நூலைக் கட்டி, சாக்பீஸ்ல வட்டத்துக்குள்ள வட்டமாப் போட்டு, எந்த வளையத்துக்கு எந்தப் பூன்னு பிள்ளைங்களே முடிவு பண்ணணும். காகிதம் வேண்டாம், நெசப் பூதான்னு நான் பிடிவாதமா நின்னேன். அத்தம், அதான் ஓணக் கொண்டாட்டத்தோட மொத நாள், தொடங்கினா தோவாளைச் சந்தையில கேரளாவுக்குப் போற பூதான் மலை மாதிரிக் குவிஞ்சு கெடக்கும். தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் விடியக்காலம் கிரேந்தி (செண்டுமல்லி), வாடாமல்லி, கோழிக்கொண்டை, அரளின்னு மூட்டை கொண்டுவந்து இறக்கினாரு. கூட அவரு மகளும் வந்திருந்தா. ஏழு வயசு இருக்கும்.

உள்ள பிள்ளைங்க கிரேந்தியை ஒவ்வொரு இதழாப் பிச்சிட்டு இருந்தாங்க. ஒரு பூவுக்கே அஞ்சு நிமிசம். பாதி இதழ் கசங்கி கறுத்துப் போச்சு. நாங்களும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தோம். வாசல்படியில ஒரு பூ உருண்டு கெடந்துச்சு. அந்தப் பிள்ளை அதை எடுத்து, அடியில இருக்க பச்சைக் குமிழை ரெண்டு வெரல்ல பிடிச்சு ஒரே திருகு. இதழ் மொத்தமும் கசங்காம உள்ளங்கையில விழுந்துச்சு. அதை எங்கிட்ட நீட்டிக் காட்டினா. சிரிக்கல, ஒண்ணும் கேக்கல. இப்படிச் செய்யணும்னு காட்டினா, அவ்வளவுதான்.

நான் பாத்தேன். பாத்துட்டுக் கையில இருந்த ரிஜிஸ்தர்ல பேரு சரிபாக்கக் குனிஞ்சேன். 500 ரூபா கட்டின 22 பேரோட அம்மாமாரு ஹாலுக்குள்ள உக்காந்திருந்தாங்க. அவளை மட்டும் எப்படிச் சும்மா உள்ள விடுறதுன்னு அந்த நேரம் தோணிச்சு. நிமிர்ந்தப்ப அவ அப்பா காலி மூட்டையை மடக்கிட்டுக் கூப்பிட்டாரு, போயிட்டா. இதழை எல்லாம் படியில ஓரமாக் குவிச்சு வச்சிட்டுப் போயிருந்தா.

அதுக்குப் பெறவு இதழைத் திருகி எடுக்குற முறையைத்தான் எல்லா வகுப்புலயும் சொல்லிக் குடுக்கேன். எங்க படிச்சீங்கன்னு கேக்காங்க. ஒரு பிள்ளை சொல்லித் தந்தான்னு சொல்லுவேன். அவ பேரு எனக்குத் தெரியாது.

கொழிஞ்சாம்பாறை அம்மா:

எல்லாருக்கும் நன்றிங்க. மாஸ்டர் ஐயா, நீங்க எழுதினதும் வீணாகல. நேத்து நீங்க சொன்ன அளவுல மைதாப் பசை காய்ச்சினேன். டீச்சர், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அந்தக் காலேஜ் பொண்ணு மேலயும் இப்ப இல்ல.

புதுப் பிளேட்டு ஒண்ணு எடுத்து, ரெண்டு பேரும் உக்காந்து திரும்ப மாவேலி செஞ்சோம். கிரீடம் அவளே வெட்டினா. மீசையும் அவதான். நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். கண்ணு ரெண்டையும் பசையில தொட்டு வெரல் நுனியில வெச்சுட்டு, பிளேட்டுக்கு மேல கொண்டுபோயி நிறுத்திட்டா. அப்புறம் என் மொகத்தைப் பாத்து, "எங்க ஒட்டட்டும்மா?"ன்னு கேட்டா.

இதுக்கு முன்னாடி அவ யாருகிட்டயும் அப்படிக் கேட்டதே இல்லைங்க.