தென்காசியா, தேனியா? இருந்து பார்த்தவங்க சொல்லுங்க

மேலகரத்து மருமகள்:
அவர் ரிட்டயர் ஆனதும் தாம்பரம் வீட்டை வாடகைக்கு விட்டுட்டு மலைப் பக்கம் போயிடணும்னு முடிவு பண்ணினோம். தேனியில என் தம்பி இருக்கான். தென்காசி அவரோட ஆசை. அதனால முதல்ல மேலகரத்துல வீடு பிடிச்சு, ஜூன்ல குடி வந்தோம். முதல் வாரம் சொர்க்கம். பதினோராவது நாள், துவைச்ச துணி ஒண்ணுகூட காயலை. பீரோவைத் திறந்தா அத்தையோட பட்டுச்சேலை மடிப்பெல்லாம் பூஞ்சை. அன்னிக்கு ராத்திரி அத்தைக்கு இளைப்பு வந்துடுச்சு. துண்டை அயர்ன் பாக்ஸ்ல சூடு பண்ணிப் பண்ணி நெஞ்சுல வெச்சுக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். விடிஞ்சதும் ஜன்னலைத் திறந்தா வெறும் வெள்ளை. "நாம பார்க்க வந்த மலை எங்கம்மா?"ன்னு அத்தை கேட்டாங்க. ஆகஸ்ட்லயே காலி பண்ணிட்டோம். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடமாட்டேங்குது. இப்ப தேனிக்குப் போகலாமா?

ஏலக்காய் வாசம்:
தேனிப் பக்கம் வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும்னு நினைச்சு வராதீங்க அக்கா. மார்ச்ல ஒரு தடவை வந்து பாருங்க. போடியில எங்க மொட்டைமாடியில நின்னா மலை பழுப்பா, காஞ்ச புல்லா தெரியும். சில ராத்திரி சரிவுல ஆரஞ்சுக் கோடு ஒண்ணு ஊர்ந்து போகும். தீ. சின்ன வயசுல இருந்தே பார்க்கிறதால பயமே இருந்ததில்லை, 2018 மார்ச் 11 வரைக்கும். குரங்கணி மலையில டிரெக்கிங் போனவங்க காட்டுத்தீயில சிக்கினது எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். மேல இருந்து ஆளுங்களைத் தூக்கிட்டு வந்த மலைக்காரர் ஒருத்தர் படியில உட்கார்ந்திருந்தார், உடம்பெல்லாம் கரி. தண்ணி கொடுத்தேன். கை நடுங்கினதுல டம்ளரைப் பிடிக்க முடியலை. நான்தான் வாயில ஊத்தினேன். இப்பவும் அந்தக் கோடு தெரிஞ்சா கீழ இறங்கிடுவேன்.

செங்கோட்டைக்காரன்:
அக்கா, சாரலைப் போய்க் குறை சொல்றீங்களே! மேலகரம் குற்றாலத்துக்குப் போற வழியில, மலையடிவாரத்துலயே இருக்கு. அங்க இருந்துட்டு தென்காசி முழுக்க இப்படித்தான்னு சொன்னா எப்படி? தென்மேற்குக் காத்து ஆரியங்காவு கணவாய் வழியா நுழைஞ்சு வர்றதாலதான் எங்களுக்குச் சாரல். கிழக்க போகப் போக மழை குறைஞ்சு வெறும் காத்துதான். சுந்தரபாண்டியபுரம் போங்க, அதே ஜூலையில வெயிலும் இருக்கும், சூரியகாந்தியும் பூத்திருக்கும், தூரத்துல மலையும் தெரியும்.

நான் பயப்படுறது சாரலுக்கு இல்லை. 2024 மே மாசம் பழைய குற்றாலம் அருவியில இருந்தேன். கீழ வெயில் அடிக்குது. தண்ணி நிறம் மாறினதைக்கூட நான் கவனிக்கலை, சத்தம்தான் முதல்ல மாறுச்சு. எல்லாரும் படியில ஏறி ஓடினோம். பக்கத்துல யாரோ ஒரு குழந்தையை என் கையில திணிச்சுட்டுத் திரும்பி ஓடினாங்க, இன்னொண்ணைத் தூக்க. ரெண்டும் தப்பிச்சுது. ஆனா 17 வயசுப் பையன் ஒருத்தன் வெள்ளத்துல போயிட்டான். மலைக்கு மேல மழை பெய்யறது கீழ நிக்கிறவனுக்குத் தெரியாது.

புளியந்தோப்பு:
நான் கம்பம். 2023 மே 27 காலையில எங்க தெருவுல அரிக்கொம்பன்னு பேர் வெச்ச காட்டு யானை. கழுத்துல ரேடியோ காலர், பின்னாடி ஜனம் கத்திக்கிட்டு ஓடுது. ஆட்டோ நொறுங்குச்சு, கீழ விழுந்து அடிபட்டவர் ஒருத்தர் பிறகு இறந்தும் போனார். அதையெல்லாம் மறக்கலை. ஆனா அப்புறம் ஊருக்கு வெளியே புளியந்தோப்புல அது காதை ஆட்டிக்கிட்டு ஒரே இடத்துல நின்னுது. கேரளாவுல சின்னக்கானல்ல பிடிச்சுப் பெரியாறு காட்டுல கொண்டு விட்ட யானை அது. இது எந்த ஊருன்னே அதுக்குத் தெரியாது. மலையோரம் குடிவர்றவங்க இதையும் யோசிச்சுட்டு வரணும்.

வங்கி ஓய்வூதியர்:
தேனியில மூணு வருஷம் இருந்தேன், மனைவிக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு ஆட்டோவுல போனோம், பிழைச்சாங்க. அதனால சொல்றேன், மலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீங்க, ஆஸ்பத்திரியைப் பாருங்க. தென்காசியில மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கு, ஆனா மெடிக்கல் காலேஜுக்குத் திருநெல்வேலி போகணும். இளைப்பு உள்ளவங்களை வெச்சுக்கிட்டு அந்தத் தூரம் சரிவராது. ரெண்டாவது ரயில். தென்காசியில இருந்து சென்னைக்குத் தினமும் பொதிகை உண்டு. தேனிக்கு ரயில் 2022லதான் திரும்ப வந்துச்சு, சென்னை வண்டி வாரத்துல மூணு நாள்தான். மூணாவது, வீடு மேற்குப் பார்த்து எடுக்காதீங்க, காத்து சீசன்ல கதவு அடிச்சு உடையும். போர் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. பதினோரு மாசத்துக்கு மேல அக்ரிமென்ட் போடாதீங்க. ஜூன்ல ஒரு வாரம், மார்ச்ல ஒரு வாரம் தங்கிப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. வீட்டை வாங்கவே வாங்காதீங்க.

செங்கோட்டைக்காரன்:
சார், அவங்க வாங்கறதா சொல்லவே இல்லையே.

மேலகரத்து மருமகள்:
எல்லாத்தையும் அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். அந்தக் குழந்தைங்க விஷயம் வந்ததும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் சுந்தரபாண்டியபுரம் எங்கேன்னு கேட்டாங்க. செங்கோட்டைத் தம்பி, அங்க கீழ்வீடு ஏதாவது வாடகைக்கு இருக்குமா? அத்தையால படி ஏற முடியாது.