கயானா: மண் மாதிரியில் 240 பிபிபி தங்கம், நேராகப் பள்ளம் தோண்டலாமா?

ஓடைக்கரை:
வணக்கம். கயானாவின் பராமா-மசருணி கிரீன்ஸ்டோன் பெல்ட்டில் (பழைய எரிமலைப் பாறைப் பட்டையில்), புருனி ஆற்றுப் பக்கம் ஆரம்பக்கட்டத் தேடல் நடக்கிறது. 200 மீட்டருக்கு ஒரு பாதை வெட்டி, பாதையில் 50 மீட்டருக்கு ஒரு மண் மாதிரி, 40 செ.மீ. ஆழத்தில். 80 மெஷ்ஷில் சலித்து 50 கிராம் ஃபயர் அஸ்ஸே, அதாவது உலையில் உருக்கித் தங்கத்தை அளக்கும் சோதனை. பின்னணி, அதாவது சாதாரண மண்ணின் அளவு, 5 முதல் 10 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு என்பது 1 பிபிபி). ஒரு சரிவில் மட்டும் அடுத்தடுத்த மூன்று பாதைகளில் 90, 240, 130. அந்த 240 மாதிரியையே மறுபடி சோதித்தால் 60 காட்டுகிறது. சரிவின் அடியில் ஓடை, கரையெல்லாம் போர்க்நாக்கர்களின் (கையால் தங்கம் தோண்டும் உள்ளூர்க்காரர்களின்) பழைய குழிகள். ஓடைப்படிவில் 1,100 பிபிபி. மே மாத மழைக்குள் எக்ஸ்கவேட்டர் வைத்து 400 மீட்டர் பள்ளம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

கூழாங்கல்:
இப்போது வேண்டாம். முதலில் அந்த 1,100-ஐ ஒதுக்கி வையுங்கள். பழைய குழிகளில் அலசிய கழிவு மணல் முழுக்க அந்த ஓடையில்தான் கிடக்கும், பாதரசமும் சேர்ந்து. தட்டில் அரித்துப் பாருங்கள். வெள்ளி போல வெளுத்த துகள் நின்றால் அது பாதரசம் ஒட்டிய தங்கம். அதை அடுப்பில் காட்டவே காட்டாதீர்கள், ஆவி நுரையீரலைக் கெடுத்துவிடும். மேலே எங்கோ தங்கம் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

அடுத்து, 40 செ.மீ.யில் நீங்கள் எடுத்தது எந்த மண்? சரிவில் அது பெரும்பாலும் மேலிருந்து நகர்ந்து வந்த மண். அதற்கு அடியில் குவார்ட்ஸ் துண்டும் செம்புறாங்கல் உருண்டையும் வரிசையாகக் கிடக்கும் ஒரு கல்வரி இருக்கும். இறங்கி வரும் தங்கம் அங்கே தேங்கும். அதைத் தாண்டினால்தான் இருந்த இடத்திலேயே மக்கிய பாறை, அதாவது சாப்ரோலைட்.

கை ஆகரை (நுனியில் வாளி உள்ள, கையால் சுற்றும் மண் துளைப்பானை) 1 மீட்டர் நீட்டுக் கம்பிகளோடு இறக்குங்கள். கல்வரியில் கரகரவென்று உரசும், சுற்றாது. கடப்பாரையால் குத்தி உடைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். திடீரென மெத்தென்று இறங்கும், நிறம் இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று திட்டுத் திட்டாக மாறும். ஒரு கட்டியை எடுத்து இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். பாறையின் பழைய அடுக்கு வரி அப்படியே தெரிந்தால் சேர வேண்டிய இடம் சேர்ந்தாயிற்று. அங்கிருந்து இன்னும் 1 மீட்டர் போய் அந்த மீட்டரை மட்டும் மாதிரியாக எடுங்கள். ஒவ்வொரு முறை வாளி வெளியே வரும்போதும் மேல் 10 செ.மீ.யைத் தட்டிக் கொட்டிவிடுங்கள். அது சுவரிலிருந்து உதிர்ந்த மண், கல்வரித் தங்கமும் அதில் இருக்கும்.

240 வந்த இடத்திலிருந்து மேட்டை நோக்கி 25 மீட்டருக்கு ஒரு குழி. தொடர்ந்து இரண்டு குழி வெறுமையாக வரும்வரை போங்கள். சரிவில் எண்கள் கீழ்ப்பக்கம் மெல்லக் குறையும், மேல்பக்கம் சட்டென்று அறுந்துவிடும். அந்த அறுபடும் விளிம்புதான் மூலத்துக்குப் பக்கம். மூன்று பாதைக்கும் சேர்த்து 40 குழிக்குள் முடிந்துவிடும்.

சல்லடை80:
240-ம் 60-ம் ஏன் இப்படி என்பதற்குக் கணக்கே போதும். 100 மைக்ரான் விட்டமுள்ள ஒரே ஒரு தங்கத் துகள் சுமார் 10 மைக்ரோகிராம் எடை. 50 கிராம் மாதிரியில் அது ஒன்று விழுந்தாலே 200 பிபிபி ஏறிவிடும். 80 மெஷ் 177 மைக்ரான், ஆகவே அந்தத் துகள் தாராளமாகச் சலிந்து வரும். லேப் தப்பு செய்யவில்லை, மாதிரிதான் சிறியது. ஆகர் மாதிரியில் 2 கிலோ எடுத்து, 24 மணி நேரம் சயனைடில் உருட்டிக் கரைக்கும் பிளெக் முறைக்கு அனுப்புங்க. ஆனா கிராஃபைட் கலந்த கரும்பாறை இருந்தால் கரைந்த தங்கத்தை அதுவே திரும்ப உறிஞ்சிக்கும், எண் குறைவாக வரும். அந்த மாதிரிகளுக்கு ஃபயர் அஸ்ஸேயும் பண்ணுங்க.

லேப்பைச் சரிபார்க்க 20 மாதிரிக்கு ஒரு ஸ்டாண்டர்டு (தங்க அளவு தெரிந்தது), ஒரு பிளாங்க் (தங்கமே இல்லாதது), ஒரு களப் பிரதி (அதே இடத்தில் எடுத்த இரண்டாவது மாதிரி). மாதிரி எடுப்பவர் கையில் தங்க மோதிரம் இருக்கக் கூடாது, இதில் தயவு காட்டாதீங்க. கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியால் (எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளப்பது) பிபிபி அளவில் தங்கத்தைப் பார்க்க முடியாது. ஆர்செனிக், குரோமியம், டைட்டானியம்-சிர்க்கோனியம் விகிதம் இதற்கு வெச்சுக்குங்க. சாப்ரோலைட் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று அதில் பிரித்துவிடலாம்.

இன்னொன்று, காம்பஸில் திசைத் திருத்தம் (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) வைத்தீங்களா? அங்கே சுமார் 15 டிகிரி மேற்கு. விட்டுப்போனால் 1 கி.மீ. பாதையின் முனை 260 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

ஓடைக்கரை:
திருத்தம் வைத்திருக்கிறோம். மேட்டின் உச்சியில் காந்த வரைபடத்தில் பலமான ஏற்றம் ஒன்று இருக்கிறது. எண்கள் அங்கேதான் அறுகின்றன.

கூழாங்கல்:
அப்படியானால் கவனம். அது அவனவேரோ வகை டோலரைட் தகடாக (உருகிய பாறை மற்ற பாறைகளுக்குள் புகுந்து உறைந்த கரும்பாறைப் பலகையாக) இருக்கலாம், வயது சுமார் 179 கோடி ஆண்டு. இந்த பெல்ட்டின் பாறைகளும் தங்கமும் அதைவிடப் பழையவை. தகட்டுக்குள் தங்கம் இருக்காது, ஆனால் தங்கம் உள்ள பாறையை அது மூடியிருக்கும். எண் அறுந்தது மூலம் முடிந்ததாலா, தகடு மூடியதாலா என்பதைக் குரோமியமும் டைட்டானியமும் பார்த்துத்தான் சொல்ல முடியும். கோலார் பக்கம் வேலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. அங்கே பாறை வெளியே தெரியும், இங்கே 30, 40 மீட்டர் மக்கல் மேலே இருக்கும்.

ஆகரில் விளிம்பு உறுதியான பிறகு பள்ளம் எடுங்கள். 400 மீட்டர் வேண்டாம், விளிம்பைக் குறுக்கே வெட்டி 60 மீட்டரில் இரண்டு போதும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள், மூடும்போது வேண்டும். 1.2 மீட்டருக்குக் கீழே போனால் சுவரைப் படியாக வெட்டுங்கள். நனைந்த சாப்ரோலைட் சொல்லாமல் சரியும், மழை பெய்த அன்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். கல்வரிக்குக் கீழே சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம், 1 மீட்டர் நீளத்துக்குக் கால்வாய் போல வெட்டி அந்த மண்ணையே மாதிரியாக எடுங்கள். சுமார் 4 கிலோ வரும். குவார்ட்ஸ் நரம்பு கெட்டி, சுற்றுமண் மெத்து. கை தானாகவே மெத்தானதைத்தான் அதிகம் சுரண்டும். நரம்புக்குச் சுத்தியலும் உளியும் எடுத்து அதே 5 செ.மீ. ஆழத்துக்குப் போங்கள்.