தனியாக ஆடும் ஆட்டத்துக்கு சர்வர் எதற்கு?

நாகலூர் மிளகு:
அண்மையில் ஆடிய புதிய ஆட்டங்களைப் பற்றி எழுதும்படி இருவர் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். ஆனால் முதலில் ஒரு மனக்குறையைக் கொட்டிவிடுகிறேன்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடி இறங்கத் தொடங்கினால் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, கணினிக்குப் போகும் கேபிளையும் கழற்றி வைத்துவிடுவோம். கழற்றாத வீட்டில் மறுநாள் ரவுட்டர் எரியாது. காற்றடித்தால் எஸ்டேட்டில் சில்வர் ஓக் கிளை முறிந்து, கம்பத்துக்குக் கம்பம் இழுத்திருக்கும் பைபர் கேபிள் மேல் விழும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸே ஓடவில்லை. எங்கள் வீட்டுக்கு இணைப்பு திரும்ப வெகு நாட்களாயின.

அந்த நாட்களில் மின்சாரம் வந்த நேரமெல்லாம் எல்டன் ரிங் என்ற சாகச ஆட்டத்தை ஆடினேன். இணைப்பு இல்லாமலே ஆடலாம், ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய இன்னொரு கார் பந்தய ஆட்டம் முதல் திரையைத் தாண்டவில்லை. கணினி ஓட்டும் கார்களோடு நான் ஒருவன் மட்டும் ஓடும் பந்தயம் அது. 'சர்வருடன் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டது. சர்வர் என்றால் ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் எங்கோ வைத்திருக்கும் கணினி.

இனி புதியவை. 2025 செப்டம்பர் 4 அன்று வந்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்' ஆட்டத்தை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஒரு மிகச் சிறிய குழு செய்திருக்கிறது. 2019-இல் அறிவித்தது, காத்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் மொய்த்ததில் வெளியான அன்று ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் இணையக் கடையே திணறியது. இதில் நாயகி ஹார்னெட் அந்தரத்திலிருந்து ஊசியைக் கீழ்நோக்கிச் செலுத்தினால் நேராக இறங்க மாட்டாள், சாய்வாகப் பாய்வாள். முந்தைய 'ஹாலோ நைட்' ஆட்டத்தில் நேர்க்கீழே வெட்டிப் பழகிய கைக்கு இது பெரும் சோதனை. எதிரியின் தலைக்கு மேலே நின்று குத்தினால் பக்கத்து முள்ளில் போய் விழுவாள். அரை உடல் தூரம் தள்ளி நின்று குதிக்க விரல் பழகிய பிறகுதான் அந்தச் சாய்வின் அழகு பிடிபட்டது.

பிரான்சின் மோன்பெலியே நகரில் செய்த 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' 2025 ஏப்ரலில் வந்தது. முறை வைத்துத் தாக்கும் பழைய பாணிதான், ஆனால் எதிரியின் முறையில் நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் வாளை ஓங்கி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு இறக்குவான். அந்த நிறுத்தத்தில் ஏமாந்து முன்னதாகவே பொத்தானை அழுத்தினால் முழு அடியும் நம் மேல் விழும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுங்கள். கண்ணைவிடக் காது நன்றாகக் கணிக்கிறது.

இரண்டையும் மழை நாளில் இணைப்பில்லாமல் ஆடினேன். ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டத்தை வாங்கிய பின் சர்வர் இல்லாமல் ஆட முடிய வேண்டும். இதில் எந்தச் சலுகையும் காட்டக் கூடாது என்பது என் கட்சி.

அம்மாப்பேட்டை ஸ்குவாட்:
அண்ணா, உங்கள் குறை புரிகிறது. கட்சியை ஏற்க மாட்டேன்.

நீங்கள் சொன்ன ஆட்டங்களுக்கு நல்ல கணினியோ கன்சோலோ வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விசைத்தறி ஓடுகிறது. பையன்கள் கையில் இருப்பது ஃபோன், அதுவும் பலருக்கு அப்பாவோடு பங்கு போட்டுக்கொண்ட ஃபோன். நூறு பேர் வரை ஆன்லைனில் மோதும் துப்பாக்கி ஆட்டமான பிஜிஎம்ஐ அதில் இலவசமாக ஓடுகிறது. தறி நின்ற பிறகு நாங்கள் நான்கு பேர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தால் எதிரில் வருகிறவன் நாக்பூர்க்காரனாக இருப்பான், கவுகாத்திக்காரனாக இருப்பான். ஆடுகளத்தின் கடைசி வட்டம் சுருங்கும்போது பாறைக்குப் பின்னால் படுத்திருப்பவன் எந்தப் பக்கம் தலை நீட்டுவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊகிக்கிறோம். அவனும் எங்களை ஊகிக்கிறான். உங்கள் பிரெஞ்சு எதிரி எவ்வளவு அழகாக வாளை நிறுத்தினாலும் நூறாவது தடவையும் அதே இடத்தில்தான் நிறுத்துவான். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதிய ஆட்டங்கள் ஆன்லைனை நோக்கிப் போவது எங்களைப் போன்றவர்களால்தான். அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

நாகலூர் மிளகு:
தம்பி, போட்டி ஆட்டத்தை யார் வேண்டாம் என்றது? எதிரில் மனிதன் இருந்தால் சர்வர் வேண்டும், சரி. எதிரில் யாருமே இல்லாத ஆட்டத்துக்கு எதற்கு என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இலவசம் என்கிறாயே, அது யார் கையில் இருக்கிறது என்று பார். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்தார்கள், அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சர்வரை மூடினார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ ஆக வந்தது. 2022 ஜூலையில் ஃபோனின் ஆப் கடைகளிலிருந்து மறைந்தது, 2023 மே மாதம் திரும்பியது. இடையில் 2022 பிப்ரவரியில் அதே வகை ஆட்டமான ஃப்ரீ ஃபயரும் போனது. என் அலமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்கை எந்த உத்தரவும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

அம்மாப்பேட்டை ஸ்குவாட்:
பழைய பப்ஜி கணக்கை பிஜிஎம்ஐக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள், மாற்றிக்கொண்டோம். ரேங்க் சீசனுக்கு சீசன் இறங்கத்தான் செய்யும், மறுபடி ஏறுவோம். தடை வந்த காலத்தில் என்னோடு ஆடிய மூவரில் ஒருவரும் பிரிந்து போகவில்லை. வேறு ஆட்டத்தில் கூடினோம். டிஸ்க் அலமாரியில் இருக்கும் அண்ணா. அதோடு பேச முடியுமா?

குகைக்காரன்:
நாகலூர் நண்பருக்கு ஒரு கேள்வி. எல்டன் ரிங்கை இணைப்பில்லாமல் ஆடினால் தரையில் மற்றவர்கள் விட்டுச்செல்லும் குறிப்புகள் தெரியாதே? வெறும் சுவரின் முன்னால் 'இங்கே மறைவழி' என்று எழுதிவைத்து நம்மைச் சுவரில் முட்டவிடுகிறவனும், பள்ளத்துக்கு முன் எச்சரித்துக் காப்பாற்றுகிறவனும் இல்லாத எல்டன் ரிங் எனக்குப் பாதி ஆட்டம்தான்.

நாகலூர் மிளகு:
உண்மைதான், அந்தக் குறிப்புகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் இணைப்பு போனால் குறிப்புகள் மட்டும் மறைகின்றன, ஆட்டம் நிற்கவில்லை. இதைத்தான் எல்லா ஆட்டங்களிடமும் கேட்கிறேன்.

கோரிமேடு நிரல்:
நான் சர்வர் பக்கம் நிரல் எழுதிப் பிழைப்பவள், ஆட்டத் துறையில் இல்லை. என் கருத்து இருவருக்கும் பிடிக்காமல் போகலாம்.

போட்டி ஆட்டத்தில் குண்டு பட்டதா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் ஆடுகிறவர் கையில் உள்ள கருவியிடம் இருந்தால், அந்தக் கருவியை ஏமாற்றினால் போதும், எல்லாரையும் வீழ்த்திவிடலாம். அதனால் தீர்ப்பு சர்வரிடம் இருக்க வேண்டும். அங்கே தூரம் குறுக்கிடுகிறது. இணையக் கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி வினாடியில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். சேலத்துக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப 10 மில்லி வினாடிக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் கருவிகளும் உண்டு, ஆகவே பிங், அதாவது போய்த் திரும்பும் நேரம், 30, 40 மில்லி வினாடி என்று வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 40-இல் நிலையாக நின்றால் கை அதற்குப் பழகிவிடும். 30-க்கும் 180-க்கும் இடையே துள்ளினால் எந்தக் கையாலும் பழக முடியாது. வீட்டில் வைஃபையை விட்டுவிட்டு கேபிள் வழியே இணைத்துப் பாருங்கள், துள்ளலில் பெரும்பகுதி அடங்கும்.

இனி தனி ஆட்டம். 2013-இல் நகரம் கட்டும் ஆட்டமான 'சிம்சிட்டி' வந்தபோது நகரத்தின் கணக்கில் ஒரு பகுதியை சர்வர்தான் செய்கிறது, அது இல்லாமல் ஓட்டுவது எளிதல்ல என்றார்கள். 2014 மார்ச்சில் அதே ஆட்டத்துக்கு ஆஃப்லைன் முறையைக் கொடுத்தார்கள். 2012-இல் கணினிக்கு வந்த 'டயாப்லோ 3' எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும் என்றது, மறு ஆண்டு கன்சோலுக்கு வந்தபோது இணைப்பில்லாமல் ஓடியது. 2022 மார்ச்சில் கார் பந்தய ஆட்டமான 'கிரான் டூரிஸ்மோ 7'-இன் சர்வர் பராமரிப்பு ஒரு நாளுக்கு மேல் நீண்டதில், தனியாக ஓட்டுகிறவர்களும் பெரும்பகுதி ஆட்டத்தைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆக, முடியாது என்று சொல்லப்படும் பல இடங்களில் முடியும்.

ஆனால் 'எந்தச் சலுகையும் கூடாது' என்பதையும் ஏற்க மாட்டேன். டயாப்லோவின் கணினிப் பதிப்பில் ஆடுகிறவர்கள் பொருட்களை ஏலம் விட்டார்கள், உண்மைப் பணத்துக்கும் விற்றார்கள். தனியாக ஆடிச் சேர்த்த பொருள் பொதுச் சந்தைக்கு வருமானால், அதை எங்கே சேர்த்தார் என்பதை சர்வர் பார்த்தாக வேண்டும். தனி ஆட்டத்தையும் சந்தையையும் வேறாக்கிவிட்டால் உங்கள் கோரிக்கை நியாயம். ஒன்றாக வைத்துக்கொண்டு கேட்டால் நியாயமில்லை.

நாகலூர் மிளகு:
சந்தை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஆட்டத்துக்குள் ஏலம் எதற்கு?

ஐந்துரோடு சென்டர்:
பல வருடங்களாக கேமிங் சென்டர் நடத்துகிறேன், என் பங்குக்கும் சொல்கிறேன். முதலில், ஆன்லைன் கேம் என்றதும் ரம்மியை நினைத்துக்கொண்டு பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துப்போகும் பெற்றோர் இன்னும் வருகிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்தது, இ-ஸ்போர்ட்ஸை, அதாவது திறமையால் வெல்லும் கணினி ஆட்டப் போட்டிகளை, தனியாக ஏற்றுக்கொண்டது. இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் விவாதத்தில் ஒரு கூட்டத்தை இருவரும் மறந்துவிட்டீர்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறவர்கள். 2025 மார்ச்சில் வந்த 'ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்' இருவர் சேர்ந்தால்தான் ஆடவே முடியும். திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒருத்தி டிராகன் மேல் போவாள், இன்னொருத்தி அவளுக்கு வழி திறப்பாள். ஒருவர் வாங்கினால் போதும், வெளியூரில் இருக்கும் நண்பர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். என் கடையில் அதை அண்ணன் தங்கை, கல்லூரி நண்பர்கள் என்று வந்து ஆடுகிறார்கள். ஒருவர் தவறிக் கீழே விழுந்தால் மற்றவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

இந்த வகை குறைந்துகொண்டே வருகிறது. 'ஹேலோ இன்ஃபினிட்' கதைப் பகுதியை ஒரே திரையில் இருவர் ஆடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு 2022 செப்டம்பரில் கைவிட்டார்கள். அம்மாப்பேட்டைத் தம்பி, மாடியில் நான்கு பேர் சேர்ந்து ஆடுகிறீர்கள், அந்த மகிழ்ச்சியில் பாதி அந்த மாடியில் இருக்கிறது. சர்வர் கணக்கில் எழுதாதே.

அம்மாப்பேட்டை ஸ்குவாட்:
மாடி எங்களுடையதுதான் சார். ஆனால் எங்களை நான்கு பேராக நிறுத்தியது எதிரில் வரும் மற்ற தொண்ணூற்று ஆறு பேர். அவர்கள் உங்கள் சென்டருக்குள் வர மாட்டார்கள்.

கோரிமேடு அக்காவுக்குப் பதில். ஆஃப்லைன் முறையைப் பிறகு சேர்த்தார்கள் என்று காட்டினீர்கள். சேர்க்கவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் விழும்? இலவசமாக ஆடும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் புதிய வரைபடத்தில் கை வைப்பார்கள்.

கோரிமேடு நிரல்:
செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆட்டம் கட்டப்பட்ட பிறகு சர்வரைப் பிரித்தெடுப்பதுதான் பெரிய செலவு. கட்டும்போதே பிரித்துவைத்தால் அவ்வளவு ஆகாது. 'நாக்அவுட் சிட்டி' 2023 ஜூனில் சர்வரை மூடியபோது, ஆடுகிறவர்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பைக் கணினிக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். மாறாக 'தி க்ரூ' என்ற பந்தய ஆட்டத்தை 2024 மார்ச் 31 அன்று மூடினார்கள், தனியாக ஓட்டும் பகுதியும் சேர்ந்தே போயிற்று. வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததில், விற்ற ஆட்டத்தை ஆட முடியாமல் ஆக்கக் கூடாது என்று தொடங்கிய இயக்கம், 2025 ஜூலையில் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

நாகலூர் மிளகு:
இதைத்தான் எதிர்பார்த்தேன். என்னிடம் இருக்கும் பந்தய ஆட்டத்துக்கும் நாளை அதே கதி வரலாம். குறைந்தபட்சம், இந்த ஆட்டத்தின் சர்வர் இத்தனை ஆண்டு வரை ஓடும் என்று வாங்கும் பக்கத்திலேயே தேதி போடட்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிறார்களே, அதுபோல.

அம்மாப்பேட்டை ஸ்குவாட்:
தேதி போட்டால் கடைசி ஆண்டில் எவனும் புதிதாக உள்ளே வர மாட்டான். புதியவன் வராத ஆட்டத்தில் மேட்ச் கிடைக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டும், காத்திருந்து சலித்தவன் போய்விடுவான், அந்தத் தேதிக்கு முன்பே ஆட்டம் செத்துவிடும். தனி ஆட்டத்துக்கு வேண்டுமானால் தேதி போடுங்கள். எங்கள் ஆட்டத்துக்குப் போட விட மாட்டேன்.

நாகலூர் மிளகு:
தனி ஆட்டத்துக்குப் போடலாம் என்று நீயே சொல்லிவிட்டாய், எனக்கு அது போதும். போட்டி ஆட்டத்தில் ஸ்கின்னுக்கு, அதாவது அலங்கார உடைக்கு, காசு கட்டுகிறவனுக்கு மட்டும் அந்தத் தேதி தெரியக்கூடாதா?

அம்மாப்பேட்டை ஸ்குவாட்:
எங்கள் நால்வரில் ஸ்கின் வாங்கியவன் ஒருவன்தான். அவனையே கேட்டுவிட்டு இரவு எழுதுகிறேன்.